ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் ஐதராபாத் தமிழ்க் குடும்பங்களும்

ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று டாக்டர்கள் கணக்கிட்டுச் சான்றிதழ் தருவதற்கு நாடு முழுவதும் ஒரே அளவுகோல் பயன்படுகிறது. மொத்தம் 40 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரமானது, அதற்கும் மேலே போனால் கடுமையானது. 2016ல் மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்ட இந்த அளவுகோல் டில்லியிலோ மும்பையிலோ தயாரானதல்ல. செகந்திராபாத் போவன்பள்ளியில், மனோவிகாஸ் நகரில் இருக்கும் தேசிய நிறுவனத்தில் தயாரானது. மனவளர்ச்சி குன்றியோருக்கென்று 1984ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஸ்தாபனம் அது. அறிவுசார் குறைபாடு உடையோருக்கு அதிகாரமளிக்கும் தேசிய நிறுவனம் என்று பின்னர் பெயர் மாற்றப்பட்டது.

இத்தனை பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தும், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலும் மெட்டுகுடாவிலும் குகட்பள்ளியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர் காலம் கடந்த பிறகே அதன் வாசலை மிதிக்கிறார்கள். இதற்கு அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த குடும்பத்தில் பிள்ளையை அரைநாள் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பாட்டி திருநெல்வேலியில், அத்தை மதுரையில். தகப்பனாருக்கு ஷிப்டு டியூட்டி. இந்த ஒரு குறைதான் மற்ற எல்லாக் கஷ்டங்களையும் இரட்டிப்பாக்குகிறது.

அடையாளங்கள்

ஆட்டிசம் என்பது காய்ச்சலைப் போல வந்து போகும் நோயல்ல. மூளை வளர்கிற விதத்திலேயே உள்ள வேறுபாடு. மற்றவர்களோடு பழகுவது, பேச்சு, முகபாவம் ஆகியவற்றில் சிரமம் இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் இருக்கும். வழக்கமான ஒழுங்கு சற்று மாறினாலும் தாங்க முடியாத கலவரம் உண்டாகும். சிலருக்குச் சத்தம் ஆகாது. சிலருக்குச் சட்டையின் பின்கழுத்தில் தைத்திருக்கும் லேபிள்கூட முள்ளாகக் குத்தும். சரளமாகப் பேசுகிறவர்களும் உண்டு. ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்களும் உண்டு. 1988ல் வந்த ‘ரெயின் மேன்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் புலிகளாக இருப்பார்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட திறமை சிலருக்கே உண்டு.

ஒரு வயது நிறைந்த பிறகும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாத குழந்தை, 16 மாதத்தில் ஒற்றை வார்த்தையும் 2 வயதில் இரண்டு சொல் சேர்த்தும் பேசாத குழந்தை, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை இழந்துவிட்ட குழந்தை — இவர்களை டாக்டரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. இந்த அடையாளம் இருந்தாலே ஆட்டிசம் என்று பொருளல்ல. காது கேளாமையாகவும் இருக்கலாம். எதுவாயினும் பரிசோதனையில்தான் தெரியும்.

‘அவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான், நீ கவலைப்படாதேம்மா’ என்று ஊரிலிருந்து டெலிபோனில் வரும் ஆறுதல் நல்லெண்ணத்தால் வருவது. ஆனால் அந்த ஆறுதலில் கரைந்துபோகும் ஒன்றிரண்டு வருஷம் பயிற்சிக்கு மிக உகந்த காலம். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சி மையங்கள் 14ஐ மத்திய சர்க்கார் 2021 ஜூன் மாதம் ஒரே நாளில் திறந்தது. அவற்றில் ஒன்று செகந்திராபாத்தில் இருக்கிறது.

எத்தனை பேருக்கு இந்த நிலை என்ற கேள்விக்கும் ஐதராபாத் ஒரு பதில் தந்திருக்கிறது. 2 முதல் 9 வயது வரையுள்ள ஏறத்தாழ 4,000 குழந்தைகளை ஐந்து இடங்களில் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2018ல் வெளிவந்தது. இமாசலத்தின் காங்கிரா, ஹரியானாவின் பல்வல், ஒடிசாவின் டேங்கனால், வடகோவா ஆகியவற்றோடு ஐதராபாத்தும் அந்த ஐந்தில் ஒன்று. ஆட்டிசம் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருப்பதாக அதில் தெரிந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். அப்படியானால் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேர் எங்கே என்று பள்ளிகளைக் கேட்டால் பதில் வருவது அபூர்வம்.

பழி யார் மேல்?

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி 1943ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பெயர் மருத்துவ உலகில் பரவியது. அதைத் தொடர்ந்து ஒரு பெரிய அநியாயமும் நடந்தது. பிள்ளையிடம் பாசம் காட்டாத, மனம் உறைந்த தாய்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று சில நிபுணர்களே சொன்னார்கள். புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967ல் ஒரு புத்தகம் எழுதி இந்தக் கருத்தை மேலும் பரப்பினார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் மனோதத்துவ நிபுணருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் அந்தக் கொள்கையை ஆதாரத்துடன் மறுத்திருந்தார். விஞ்ஞானம் அந்தப் பழியைத் தள்ளுபடி செய்து வெகுகாலமாகிவிட்டது.

வீடுகளில் அது தள்ளுபடியாகவில்லை. ‘இவள் வேலைக்குப் போனதால்’, ‘கையில் செல்போனைக் கொடுத்ததால்’, ‘கர்ப்பத்தில் அழுதுகொண்டே இருந்ததால்’ என்று ஏதேனும் ஒன்று சொல்லப்படுகிறது. செல்போனை மணிக்கணக்கில் காட்டுவது எந்தக் குழந்தைக்கும் நல்லதல்ல. அது வேறு விஷயம். ஆட்டிசத்தில் பரம்பரைக் கூறுகளின் பங்கு மிகப் பெரியது என்பதே இன்றைய அறிவு. தாயின் மேல் குற்றம் சுமத்தும் வீட்டில் அந்தத் தாய் பிள்ளையை வெளியே அழைத்துப் போவதையே நிறுத்திவிடுகிறாள். புகுந்த வீட்டாரும் இல்லை, பிறந்த வீட்டாரும் பக்கத்தில் இல்லை என்ற அந்நிய ஊரில், பூட்டிய கதவுக்குள் அவளும் பிள்ளையும் மட்டுமே மிஞ்சுகிறார்கள்.

இந்தத் தனிமையைக் குறிவைத்து வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் ஊசி, மருந்து என்று விளம்பரம் வந்தால் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் தரப்பில் 2022ல் தெளிவாக அறிவிக்கப்பட்டது. பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கி இதற்குக் கொட்டுவது, கிணற்றில் போட்ட கல்.

வீட்டில் தமிழ் பேசலாமா?

வெளிமாநிலத் தமிழருக்கென்றே உள்ள தொல்லை ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் ஹிந்தியோ உருதுவோ, பள்ளியில் ஆங்கிலம். பேச்சு வராத குழந்தையை அழைத்துப் போனால், ‘இத்தனை மொழி குழந்தையைக் குழப்புகிறது, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்’ என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையிடம் ஒற்றை வார்த்தைக் கட்டளைகளாகப் பேசத் தொடங்கிவிடுகிறார் தாய். தாலாட்டு நின்றுவிடுகிறது. பாட்டி டெலிபோனில் பேசினால் பிள்ளைக்குப் புரிவதில்லை.

இந்த ஆலோசனைக்கு ஆதாரம் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு மொழி கேட்டு வளர்கிறவர்களையும் இரண்டு மொழி கேட்டு வளர்கிறவர்களையும் ஒப்பிட்டுக் கனடாவில் நடந்த ஆய்வு 2012ல் வெளியானது. இரண்டாவது மொழியால் பேச்சு வளர்ச்சி கூடுதலாகத் தாமதப்பட்டதாக அதில் தெரியவில்லை. பிற நாடுகளில் பின்னர் செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. தாய்க்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் வருகிறதோ, அந்த மொழியில்தான் குழந்தைக்கு அதிகப் பேச்சு கிடைக்கும். பேச்சுப் பயிற்சி தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ நடந்தால் நடக்கட்டும். அங்கே கற்றுக்கொடுக்கும் ‘தண்ணீர் வேண்டும்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’ ஆகியவற்றின் தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டால், பிள்ளை வீட்டில் சொல்வது அவருக்கும் விளங்கும். பேசாத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கும் அட்டைகள் பழக்குகிறார்கள். படத்துக்கு மொழி கிடையாது.

சான்றிதழும் இரண்டு மாநிலமும்

1995ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமில்லை. 1999ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் முதலில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2016ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அவற்றில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 சதத்துக்குக் குறையாமல் இருந்தால் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. சர்க்கார் வேலைகளில் 4 சத ஒதுக்கீடு. அதில் 1 சதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்குப் பொதுவானது. அந்த 1 சதத்துக்குள் ஆட்டிசம் உள்ளவர் எவ்வளவு தூரம் போட்டியிட முடியும் என்பது வேறு கதை.

இவை எல்லாவற்றுக்கும் சாவி சான்றிதழ். தெலங்கானாவில் இதைச் ‘சதரம்’ என்று சொன்னால்தான் ஜனங்களுக்குப் புரியும். மீசேவா மையத்தில் பதிவு செய்து மருத்துவ முகாமுக்குப் போகும் முறைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மாநிலம் மாறினால் பழைய சான்றிதழ் செல்லாதோ என்ற பயம் இடம்பெயர்ந்தவர்களுக்கு எப்போதும் உண்டு. மத்திய சர்க்காரின் தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். அதை வாங்கிவிட்டால் நாளை சேலத்துக்கோ சென்னைக்கோ திரும்பினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

மாத உதவித்தொகை விஷயத்தில்தான் இடம்பெயர்ந்தவர் இரண்டு பக்கமும் நழுவுகிறார். தெலங்கானாவில் ஏழை மாற்றுத்திறனாளிகளின் மாதத் தொகை 2023ல் ரூ. 4,016 ஆக உயர்ந்தது. அதற்கு இங்கே குடியிருப்பதற்கான தாக்கல்கள் வேண்டும். தமிழ்நாட்டில் பராமரிப்புத் தொகை ரூ. 2,000; அதற்கு அங்கே குடியிருக்க வேண்டும். ரேஷன் கார்டை ஊரில் விட்டுவிட்டு வந்த கட்டடத் தொழிலாளிக்கு இரண்டும் எட்டாது. பிள்ளையை உத்தேசித்தாவது, எந்த ஊரில் நிலைக்கப் போகிறோம் என்று முடிவு செய்து ஒரே இடத்தில் தாக்கல்களைச் சேர்ப்பது நல்லது. மத்திய சர்க்காரின் ‘நிராமயா’ காப்பீட்டுக்கு மாநிலத் தகராறு இல்லை. சொற்பக் கட்டணத்தில் வருஷத்துக்கு ரூ. 1 லட்சம் வரை மருத்துவச் செலவு; பேச்சு முதலிய பயிற்சிகளுக்கும் அதில் இடமுண்டு.

ஆபீஸ் போகிறவர்கள் கவனத்துக்கு

மத்திய சர்க்கார் ஊழியர்களுக்குச் சில சலுகைகள் காகிதத்தில் தூங்குகின்றன. மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான மாற்றல்களிலிருந்து விலக்கலாம் என்று 2014 ஜூனில் உத்தரவு வந்தது. பின்னர் ஆட்டிசமும் அதில் சேர்க்கப்பட்டது. நிர்வாகத் தேவைக்கு உட்பட்டது என்ற வாசகம் அதில் இருப்பதால், மாற்றல் உத்தரவு கைக்கு வந்த பிறகு ஓடுவதைவிட முன்கூட்டியே மனு கொடுத்து வைப்பது புத்திசாலித்தனம். வீடு மாறினாலே சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஊரும் பள்ளியும் மாறுவது எவ்வளவு பெரிய இடி என்பதை மனுவில் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

பெண் ஊழியர்களுக்கும், மனைவியில்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு லீவு உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் பிள்ளையின் வயதுக்கு உச்சவரம்பு இல்லை. வருமான வரியில், பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ரூ. 75,000 கழிவு, குறைபாடு 80 சதமும் அதற்கு மேலும் இருந்தால் ரூ. 1,25,000. பழைய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர் காலமானால், சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்பப் பென்ஷன் உண்டு. அதற்கான வருமான நிபந்தனை 2021ல் தளர்த்தப்பட்டது. தனியார் கம்பெனித் தொழிலாளிக்கும் ஒன்று உண்டு: பிராவிடண்ட் பண்டோடு சேர்ந்த 1995ம் வருஷப் பென்ஷன் திட்டத்தில், முழுமையாகவும் நிரந்தரமாகவும் குறைபாடுள்ள பிள்ளைக்கு வயது வரம்பின்றிப் பென்ஷன் கிடைக்கும். பிள்ளையின் பெயரும் சான்றிதழும் ஆபீஸ் ரிக்கார்டில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. தகப்பனார் போன பிறகு விதவைத் தாய் அலைவது கொடுமை.

ரயிலில், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் 75 சதக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருப்பதாக டாக்டர் சான்று தரும் பிள்ளைகள் இந்தப் பிரிவில் வரலாம். அதற்குக் கோட்ட அலுவலகத்தின் அடையாள அட்டை வாங்க வேண்டும். சார்மினார் எக்ஸ்பிரசில் இரவு முழுவதும் பிள்ளை கத்தினால் சக பயணிகள் முகம் சுளிப்பதற்கு எந்த அட்டையும் பரிகாரமில்லை.

பெற்றோர் சேர்ந்த இடமெல்லாம்

ஆட்டிசத்துக்காக எந்த நாட்டிலும் முதலில் கிளம்பியவர்கள் பெற்றோர்களே. 1962ல் லண்டனில் சில பெற்றோர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். பிரபல டாக்டர் லோர்னா விங் அவர்களில் ஒருவர், அவர் மகளுக்கும் ஆட்டிசம். 1965ல் அமெரிக்காவில் ரிம்லாண்ட் தொடங்கினார். டில்லியில் 1991ல் மெரி பருவா என்ற தாய் தொடங்கிய ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ நாட்டுக்கே வழிகாட்டியாயிற்று. 1995ல் உருவான ‘பரிவார்’ என்ற அகில இந்தியப் பெற்றோர் கூட்டமைப்புக்கு ஊக்கம் கொடுத்தது இதே மனோவிகாஸ் நகர் நிறுவனம்தான். ஐதராபாத்துக்கு இதில் பழைய பங்கு உண்டு. செகந்திராபாத்தில் ‘ஸ்வீகார்’ 1977லேயே தொடங்கப்பட்டது.

தமிழர்களுக்கும் இந்த இரட்டை நகரில் பழைய வேர் உண்டு. பத்மாராவ் நகர் என்ற பெயரே ஒரு முதலியாரின் பெயர். கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், சங்கம் வைத்தார்கள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் இசைக் கச்சேரியும் நடக்கின்றன. அந்த விழாக்களுக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளையின் குடும்பம் வருவதில்லை என்பதை யாராவது கவனித்தார்களா? ஒலிபெருக்கிச் சத்தத்தில் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ‘அடக்கி வளர்க்கத் தெரியலையா’ என்று ஒரு குரல் வரும். அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் வராது.

சங்கங்கள் இதற்காகக் கட்டடம் கட்டி வசூல் நடத்த வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் சங்கத்தின் கூடத்தைத் திறந்து, இரண்டு மூன்று பேர் பொறுப்பேற்றுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் தாய்மார்கள் ஒருவரோடொருவர் பேசவாவது முடியும். புதிதாக வந்த குடும்பத்துக்குத் தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒருவர் மீசேவாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடப் போகலாம். ரிடையரான ஆசிரியர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளையின் பழக்கம் பிடிபடும் வரை அதே ஆள் போவது முக்கியம்; வாரம் ஒரு புதுமுகம் என்றால் பிள்ளைக்கு உதவியே தொந்தரவாகும். கோயிலில் திருவிழாவுக்கு மறுநாள், மேளமும் கூட்டமும் இல்லாத நேரத்தில் இந்தக் குடும்பங்களுக்குத் தரிசன வசதி செய்து தரலாம். முருகன் ஆட்சேபிக்க மாட்டார்.

உலக ஆட்டிச தினம் என்று ஏப்ரல் 2ம் தேதியை ஐக்கிய நாடுகள் சபை அறிவித்து, 2008 முதல் அது கொண்டாடப்படுகிறது. அன்று பிள்ளைகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் படம் பிடிப்பது சங்கங்களுக்குச் சுலபமாகத் தோன்றலாம். மேடையும் விளக்கும் கைதட்டலும்தான் அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாங்காதவை.

18 வயதுக்குப் பிறகு

குழந்தைகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பிள்ளை வளர்ந்துவிடுகிறான். பள்ளி முடிந்துவிடுகிறது, பயிற்சி மையங்கள் பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கானவை. ஆறடி உயரத்தில் மீசை முளைத்த மகனை ஐம்பது வயதுத் தாயால் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி அழைத்துப் போக முடிவதில்லை. நடுவயதைத் தாண்டிய பெற்றோர் கூடுமிடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும், எங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

18 வயது நிறைந்ததும் சட்டப்படி பிள்ளை மேஜர். பாங்குக் கணக்கு, சொத்து முதலிய காரியங்களில் அவர் சார்பில் கையெழுத்துப் போடப் பெற்றோருக்கே அதிகாரம் தானாகத் தொடர்வதில்லை. 1999ம் வருஷச் சட்டத்தின்படி, மாவட்டந்தோறும் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் கோரி மனு செய்யலாம். கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அந்தக் குழுவில் இருப்பார்கள். பெற்றோரோ உறவினரோ மனு கொடுக்கலாம். பதிவு பெற்ற நிறுவனமும் கொடுக்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், அதன் பிறகு வருஷந்தோறும் வரவு செலவையும் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். பிள்ளையைச் சரியாகக் கவனிக்காவிட்டாலோ சொத்தைச் சீரழித்தாலோ அவரை நீக்கவும் வழியிருக்கிறது. பெரியவர்கள் ஆயுள் முழுவதும் தங்குவதற்கான இல்லங்களுக்கும் அதே சட்டத்தின் கீழ் திட்டம் உண்டு. இருக்கிற இடங்கள் தேவைக்கு எந்த மூலைக்கும் போதாது.

மனுவோடு, காப்பாளராக இருக்கச் சம்மதிப்பவரின் பெயரும் கையெழுத்தும் வேண்டும். பெற்றோரில் ஒருவர் முதலில் தம் பெயரைக் கொடுத்துவிடலாம். அதற்கடுத்த பெயருக்குத்தான் திண்டாட்டம். ஐதராபாத்தில் முப்பது வருஷம் குடியிருந்தும், இந்த ஊரில் சொல்லிக்கொள்ள ஒருவர் கிடைப்பதில்லை. ஊரில் இருக்கும் அண்ணன் மகன் பெயரை எழுதலாம். அவர் இந்தப் பிள்ளையை இரண்டு கல்யாண வீட்டில் பார்த்திருப்பார்.